சீமை முனி

எங்க வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த ஒயின் விலைப் பட்டியலுக்கு ரெண்டு வருஷம் விளக்குப் பொருத்திக் கும்பிட்டோம். சொன்னா யாரும் நம்புறதில்லை. நம்புறவுக உடனே, அதைக் கொண்டாந்து மாட்டின கிறுக்குப்பய யாருன்னு கேக்குறாக. நான்தான். வேற ஆளு மேல பழியைப் போட வழியில்லை, போட்டுப் பாத்துட்டேன். சிரிக்கிறவுக சிரிச்சுக்கங்க. ஆனா என் பொண்டாட்டி அந்தப் பட்டியலுக்கு முன்னாடி நின்னு, தான் திருடி இல்லைன்னு சத்தியம் பண்ண வேண்டி வந்துச்சு. அதுக்குத்தான் இம்புட்டும் சொல்றேன்.

யுத்தம் வர்றதுக்கு நாலஞ்சு வருஷம் முந்தி நான் சிம்மக்கல்லுல ஒரு படக்கடையில வேலை பாத்தேன். சாமி படத்துக்குக் கண்ணாடி வெட்டி, சட்டம் அடிச்சு, பின்னாடி அட்டை வச்சு ஆணி அறையிற வேலை. ஊரு நாகமலைக்கு அந்தப் பக்கம். காலையில சைக்கிளை மிதிச்சு வந்தா பொழுது சாயத்தான் வீடு திரும்புவேன். பசுமலைப் பள்ளிக்கூடத்துல எட்டு வரைக்கும் படிச்சவன்கிறதால கடையில எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. இங்கிலீசு எழுத்தைக் கூட்டிப் படிச்சிருவேன். அர்த்தம் கேட்டா மட்டும் கோவம் வரும். எனக்குக் கோவம் எப்பவும் மூக்கு மேல, அது வேற விசயம்.

பின்னட்டைக்குக் கெட்டிக் காகிதம் வேணும்ல. புதுச்சேரியில இருந்து ஒரு பாய் மாசம் ஒரு தடவை பழைய காகிதக் கட்டு கொண்டாருவாரு. ஒரு தடவை அவரு இறக்கின கட்டுல அம்புட்டும் ஒரே அளவுல பெரிய பெரிய அட்டை. ஒரு பக்கம் வழவழன்னு படம், படத்துக்குக் கீழ தங்க மையில எழுத்து. "அங்க வெள்ளைக்காரன் ஓட்டல்ல வைக்கிற ஒயின் பட்டியல்ணே. பிரெஞ்சுல இருக்கு. என்னென்ன சரக்கு, என்ன விலைன்னு போட்டிருக்கும். வருஷம் மாறுனா புதுசு அடிச்சுட்டு இதைத் தூக்கிப் போட்டுருவானுக"ன்னு சொன்னாரு. முதலாளியும் கேட்டாரு, நானும் கேட்டேன். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால நான் மழுப்பப் பாப்பேன்.

ஒரு வாரம் அதை அட்டையாத்தான் வச்சு அடிச்சோம். மதுரையில எத்தனை வீட்டு லட்சுமிக்குப் பின்னாடி இன்னமும் ஒயின் பட்டியல் கிடக்கோ தெரியாது. எட்டாம் நாள் முதலாளி ஒரு அட்டையைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. "ஏப்பா, இதைப் போயி பின்னாடி வைக்கிறமே, முன்னாடி வச்சா என்ன?"ன்னாரு. வச்சோம். கறுப்புச் சட்டம் அடிச்சு, சீமைப் படம்னு சொல்லி வாசல்ல தொங்கவிட்டோம். போட்டி போட்டு வாங்கிட்டுப் போனாக. வக்கீல் வீட்டு ஹால்ல, டாக்டர் வீட்டு மாடியில, மிராசுதார் வீட்டு ஊஞ்சலுக்கு எதுத்தாப்புல, எங்க பாத்தாலும் அதுதான். கள்ளுக்கடை மறியலுக்கு ஆள் திரட்டின ஒரு பெரிய மனுசர் நாலு படம் வாங்கினாரு. அவரு வீட்டுக் கூடத்துல மதுவிலக்குக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் நாலு சுவத்துலயும் ஒயின் பட்டியல் தொங்கும். நானே போயி ஆணி அடிச்சுக் குடுத்துட்டு வந்தேன். மட்டம் சரியா இருக்கான்னு நாலு தடவை பாக்கச் சொன்னாரு.

முதலாளிகிட்ட ஒரு பழக்கம். சட்டம் அடிச்ச எந்தப் படமும் சந்தனம் குங்குமம் வைக்காமக் கடையை விட்டு வெளிய போகக் கூடாது. சாமி படமா, செத்துப்போன அய்யா படமா, ராஜா ராணி படமான்னெல்லாம் பாக்க மாட்டாரு. முகம் பாக்குற கண்ணாடிக்கும் பொட்டு வச்சுத்தான் குடுப்பாரு. ஒயின் பட்டியலுக்கும் வச்சாரு. ஏன்னு கேட்டேன். கண்ணாடிக்கு வைக்கிறோம், காகிதத்துக்கா வைக்கிறோம்னு சொல்லிட்டு அடுத்த படத்தை எடுத்தாரு.

அதுல ஒரு படத்துக்கு ஓரத்துல கீறல் விழுந்து விக்காமக் கிடந்துச்சு. எங்க வீட்டு முன்கட்டுச் சுவத்துல மழைத்தண்ணி இறங்கி, பாக்கச் சகிக்காத ஒரு கறை. அதை மறைக்க ஆகும்னு முதலாளிகிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். படத்துல ஒரு தொந்திக்காரக் கிழவன். தலையில இலைக் கிரீடம், பெரிய மீசை, ஒரு கையில திராட்சைக் கொத்து, இன்னொரு கையில தூக்கிப் பிடிச்ச கிண்ணம். பீப்பாய் மேல சம்மணம் கூட்டி உக்காந்திருக்கான். பக்கத்துல புள்ளிச் சிறுத்தை ஒண்ணு படுத்திருக்கு. நீங்களே சொல்லுங்க. பீடம் இருக்கு, வாகனம் இருக்கு, மீசை இருக்கு, நெத்தியில என் முதலாளி வச்ச பொட்டும் இருக்கு.

நான் சைக்கிளைச் சாத்திட்டுக் காலைக் கழுவிட்டு வாரேன், அதுக்குள்ள ஆத்தா படத்தை மாட்டி விளக்குப் பொருத்திருச்சு. ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டு, "எந்த ஊரு முனிடா இது?"ன்னு கேட்டுச்சு. "சீமை"ன்னேன். வாய்ல இருந்து உண்மைதான் வந்துச்சு. கும்பிட்டு முடிச்ச ஆளுகிட்டப் போயி அது சாராயக் கணக்குத்தான்னு எப்படிச் சொல்றது. நாளைக்குச் சொல்லிக்கிருவோம்னு விட்டேன். மறுநாள் பாத்தா, மூணு நாளாக் காணாமப் போயிருந்த எங்க அண்ணனோட மயிலைக்காளை தானா வந்து தொழுவுல நிக்கிது. அதோட முடிஞ்சது என் வாய்.

அண்ணன் என்னைவிட எட்டு வயசு மூத்தவரு. அய்யா போனப்புறம் வீட்டுல அவரு சொல்றதுதான் சட்டம். அவரு படத்துக்குக் கீழ இருந்த எழுத்தை விரல் வச்சு எண்ணினாரு. அம்பத்திநாலு வரி. பாதி வரிக்கு மேல ஒரே சொல்லுல ஆரம்பிக்குதுன்னு எழுத்துத் தெரியாமலே கண்டுபிடிச்சாரு. "நூத்தெட்டுல பாதிடா. இது போற்றி"ன்னாரு. எழுத்துத் தெரிஞ்சவன் வீட்டுல நான் ஒருத்தன்தானே. அன்னையில இருந்து வெள்ளிக்கிழமை விடியக்காலம் நான் தலைக்குக் குளிச்சுட்டு, ஈர வேட்டியோட நின்னு, அந்த அம்பத்திநாலு சரக்கோட பேரையும் சத்தமாப் படிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி போற்றி போடணும். நூத்தெட்டு ஆகணுமேன்னு ரெண்டு தடவை படிக்கணும். பிரெஞ்சு எழுத்தை இங்கிலீசாக் கூட்டி, அதைத் தமிழ் வாயால சொன்னா என்ன வருமோ அதுதான் வந்துச்சு. வரிக் கடைசியில இருக்கிற எண்ணு என்னடான்னு ஒரு தடவை அண்ணன் கேட்டாரு. எத்தனை தடவை சொன்னா என்ன பலன்னு போட்டிருக்குன்னேன். ரொம்ப அதிக எண்ணு இருந்த வரியை அவரு தனியா மனப்பாடம் பண்ணிக்கிட்டாரு. அது எதோ விலை கூடின சரக்கா இருக்கணும்.

படையல்லதான் சண்டை வந்துச்சு. முனின்னா சுருட்டும் சாராயமும் கேக்கும்னு அண்ணன் ஒத்தைக்கால்ல நின்னாரு. அந்தக் கிழவன் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கிற சிரிப்பைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆத்தா ஒத்துக்கலை. எங்கய்யா குடிச்சே போய்ச் சேந்தவரு. "இந்த வீட்டுக்குள்ள எந்தச் சாமிக்கும் அது கிடையாது. இருக்க இஷ்டமிருந்தா இருக்கட்டும், இல்லாட்டி சீமைக்குப் போகட்டும்"னு சொல்லிருச்சு. அதனால வாராவாரம் அந்தக் குடிகாரக் கிழவனுக்குப் பானகம் வச்சோம். நானும் மடக்கு மடக்குன்னு குடிச்சேன். பானகம் நல்லாத்தான் இருக்கும்.

மறு வருஷம் தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு திருவாதவூர்ப் பக்கம். வசதியில்லாத வீடு. கழுத்துல தாலியும் காதுல ஒரு ஜோடித் தோடும், அம்புட்டுதான் கொண்டாந்தா. எங்க மதினிக்கு அது ஒரு குறை, வாயில சொல்ல மாட்டாக, பெருமூச்சுல சொல்லுவாக. வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் போற்றி படிக்கிறதை என் பொண்டாட்டி கண்ணு கொட்டாமப் பாத்துட்டு, "இவரு எதுக்கு இம்புட்டு சிரிக்கிறாரு?"ன்னு காதுக்குள்ள கேட்டா. சந்தோசமா இருக்காருன்னேன். அப்பவே அவகிட்டச் சொல்லியிருக்கணும். புதுப் பொண்டாட்டிகிட்ட அசடு வழிய மனசு வரலை.

சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்க எல்லாரும் வண்டி கட்டி மதுரைக்குப் போனோம். பசு கன்னு போடுற நேரம், யாராவது வீட்டுல இருக்கணுமேன்னு அவ மட்டும் இருந்துக்கிட்டா. மூணாம் நாள் திரும்பி வந்து மதினி பெட்டியைத் திறந்தா அட்டியலைக் காணோம். அவுக அம்மா போட்ட அட்டியல், கழுத்தை ஒட்டிக் கிடக்கிற கெட்டி நகை. பெட்டியைக் கொட்டினாக, பாயை உதறினாக, கிணத்துக்குள்ளகூட எட்டிப் பாத்தாக. அப்புறம் யாரும் வாய் திறந்து சொல்லாமலே எல்லாருக்கும் கணக்கு சரியா வந்துருச்சு. மூணு நாளா வீட்டுல இருந்தது யாரு, ஒருத்திதான்.

அவ சமைச்ச சோத்தை மதினி தள்ளி வச்சாக. அவ கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டப் போனா ஆத்தா பின்னாடியே போயி நின்னுச்சு. நாலு நாள் இப்படிப் போச்சு. அஞ்சாம் நாள் அவளே வந்து கூடத்துல நின்னு, "சூடம் அணைக்கிறேன் அத்தை. எந்தச் சாமின்னு சொல்லுங்க"ன்னா. எரியிற சூடத்தை உள்ளங்கையால அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா எங்க பக்கம் அதுக்கு மேல பேச்சில்லை. பொய்யின்னா சாமி பாத்துக்கிரும்.

கருப்பன் கோயிலுக்குப் போவோம்னு அண்ணன் சொன்னாரு. ஆத்தா குறுக்க வந்துச்சு. "கருப்பன்கிட்டப் பொய்ச் சத்தியம் பண்ணிப்பிட்டா வம்சத்தையே அறுத்துருவான்டா. நாளைக்கு அவ வயித்துல வர்றதும் நம்ம புள்ளைதானே. சீமை முனி போதும். அவரு வெளியூர்க்காரரு, தப்புப் பண்ணின ஆளை மட்டும் பாத்துட்டுப் போயிருவாரு"ன்னுச்சு. அண்ணனும் மதினியும் யோசிச்சுப் பாத்து அது நியாயம்னு ஒத்துக்கிட்டாக. என் மனசுல என்ன ஓடிச்சுன்னு இப்ப மறைச்சு என்ன ஆகப் போகுது. ஒரு பெரிய மூச்சு விட்டேன். அப்பாடா, ஒயின் பட்டியல் யாரு கையை முடக்கப் போகுதுன்னு நினைச்சேன்.

காலை வெயில் முன்கட்டுல அடிக்க, வெண்கலத் தட்டுல சூடம் பொருத்தினாக. அண்ணன் என்னைப் போற்றி படிக்கச் சொன்னாரு, சாமி விழிச்சிருக்கணும்ல. அம்பத்திநாலு சரக்கையும் படிச்சேன். அவ குளிச்சு ஈரத்தலையோட நின்னா. "நான் அக்கா அட்டியலைத் தொடலை. தொட்டிருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்"னு சொல்லிக் கையை வச்சு அணைச்சா. தீ சுள்ளுன்னு சுட்டதும் கையை எடுத்துட்டா. பீப்பாய் மேல இருந்த கிழவன் சிரிச்சுக்கிட்டே இருந்தான். மதினி அவ நெத்தியில திருநீறு பூசிவிட்டாக. ஆனா மறுநாளும் அவ சமைச்ச சாப்பாட்டுல கை வைக்கலை. எட்டு நாள் பாத்துட்டுச் சொல்லுவோம்னு ஆத்தா அண்ணன்கிட்டக் குசுகுசுன்னு பேசினது என் காதுலயும் விழுந்துச்சு, அவ காதுலயும் விழுந்துச்சு. எல்லாரும் அவ வலது கையைப் பாத்துக்கிட்டே இருந்தாக. அவ தண்ணிக்குடம் தூக்கினா பாப்பாக, அம்மியில அரைச்சா பாப்பாக.

மூணு வாரம் கழிச்சு, நெல் போட்டு வச்சிருந்த குலுக்கையில அடி தட்டின நேரம், மதினி மரக்காலை விட்டு அள்ளினா நெல்லோட நெல்லா அட்டியல் வருது. அண்ணன் முழிச்ச முழியைப் பாக்கணுமே. திருவிழாவுக்குக் கிளம்புற காலையில, ஒத்தைப் பொம்பளை இருக்கிற வீடு, களவாணிப்பய எவனும் வந்துறக் கூடாதேன்னு அவருதான் எடுத்து நெல்லுக்குள்ள புதைச்சிருக்காரு. மதுரைக்கு வந்து சேக்காளிகளோட மூணு நாள் கள்ளுக்கடையே கதின்னு கிடந்ததுல அது சுத்தமா மறந்து போச்சு. இம்புட்டுக்கும் சூடம் அணைக்கையில தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவருதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அந்தக் குலுக்கைக்குள்ளயே போட்டு மூடியிருப்பேன். ஆத்தா அண்ணனை ஒரு வார்த்தை கேக்கலை. "முனி காட்டிக் குடுத்துட்டாரு பாத்தியா"ன்னு சீமை முனிக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வச்சுச்சு. மதினி என் பொண்டாட்டி கையைப் பிடிச்சு அழுதாக, அவளும் அழுதா. வீடு பழையபடி ஆயிருச்சு.

அதுக்குப் பதினஞ்சு நாள் கழிச்சு நானும் அவளும் அவ ஊருக்குப் போனோம். ஒத்தக்கடையில பஸ்ஸை விட்டு இறங்கி நடை. பகல் வெயில், ரெண்டு பக்கமும் உழுது போட்ட வயல், ஆளு அரவம் இல்லை. எனக்கு மனசு லேசா இருந்துச்சு. இனி சொன்னா என்ன, சிரிப்பான்னு தோணுச்சு. புதுச்சேரி பாயில ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன்.

சிரிச்சா. வாய்க்கால் கரையில உக்காந்து, முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. "அப்ப வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நீங்க போற்றி போட்டது?"

"அம்புட்டும் சரக்குப் பேரு."

"அத்தை பானகம் வச்சது?"

"ஓட்டல்காரன் பட்டியலுக்கு."

கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். கல்யாணம் ஆகி அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் அப்படிச் சேந்து சிரிச்சோம். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இது எப்ப தெரியும் உங்களுக்கு?"ன்னு கேட்டா.

"அட்டை கடைக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப நான் சூடம் அணைக்கையில தெரியும்."

"தெரியும்."

"சொல்லலை."

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா கருப்பன் கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாக. உனக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதேன்னுதான் பேசாம இருந்தேன்."

அவ என்னை ஏறிட்டுப் பாத்தா. "எடுக்காதவளுக்கு என்ன ஆகும்?"ன்னு கேட்டா.

நான் மழுப்ப வார்த்தை தேடுறதுக்குள்ள அவ எந்திரிச்சு, சேலையில ஒட்டின மண்ணைத் தட்டிட்டு நடந்தா. நான் பின்னாடி போனேன். கூப்பிட்டதுக்குத் திரும்பலை. அவ ஊரு எல்லையில, கண்மாய்க்கரை மேல கருப்பன் கோயில். ஊருக்குள்ள போற பாதையை விட்டுட்டு அவ அங்க ஏறினா. பூசாரி அவளைச் சின்னதுல இருந்து பாத்தவரு, "வா தாயி, எப்ப வந்த?"ன்னாரு. அவ சூடம் கேட்டா. ஒரு வில்லை எடுத்துக் குடுத்தாரு. இது பத்தாது, கட்டியாக் குடுங்கன்னா.

"எதுவும் காணாமப் போச்சா தாயி?"

"போச்சு. கிடைச்சிருச்சு."

"கிடைச்ச பொருளுக்கு எதுக்குச் சத்தியம்?"

"எல்லாருக்கும் கிடைச்சிருச்சு. இவரு ஒருத்தருக்குத்தான் பாக்கி"ன்னு என்னைக் கைகாட்டினா.

பூசாரி என்னைப் பாத்தாரு. நான் தரையைப் பாத்தேன். கல்லு மேல சூடம் திகுதிகுன்னு பிடிச்சு எரிஞ்சுச்சு. அவ கருப்பனைப் பாக்கவே இல்லை, என்னையே பாத்துக்கிட்டு, "நான் எடுக்கலை"ன்னா. கையைத் தீ மேல வச்சா. வீட்டுல வச்ச மாதிரி உடனே எடுக்கலை. தீ அணைஞ்சு, விரலு இடுக்குல புகை வந்துச்சு. அப்பவும் கையை அழுத்தி வச்சுக்கிட்டே நின்னா.

"போதும் புள்ள, எடு"ன்னேன். எடுக்கலை. "நம்புறேன், எடு"ன்னு கத்தினேன். அதுக்கப்புறம்தான் எடுத்தா.

வெந்து போன அவ உள்ளங்கையில வைக்க இடமில்லாம, பூசாரி திருநீறை என் கையில குடுத்தாரு.